வேலை தேடல் ஏபிஐ லைப்ரரியில் பழைய கமெண்ட்கள்: எங்கே திருத்துவது?

வேலை தேடல் ஏபிஐ (ஒரு சேவையை வேறு நிரல்கள் அழைக்கும் வழி) ஒன்றுக்கான கிளையன்ட் லைப்ரரியை, அதாவது அந்தச் சேவையை அழைக்க உதவும் நிரல் தொகுப்பை, நீங்கள் பராமரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சர்வர் பக்கம் ஏதோ மாறிவிட்டது. ஒரு ஃபீல்டைக் கைவிட்டுவிட்டார்கள், ஒரு வரம்பைக் கூட்டிவிட்டார்கள், அல்லது எதுவும் கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பு வேறாகிவிட்டது. லைப்ரரியின் நிரல் ஒழுங்காகவே ஓடுகிறது. ஆனால் மெத்தட்களுக்கும் ஃபீல்டுகளுக்கும் மேலே இருக்கும் கமெண்ட்கள் பழைய நிலவரத்தையே சொல்லிக்கொண்டிருக்கின்றன. திருத்த வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. எங்கே திருத்துவது என்பதில்தான் பேச்சு நீளும்.

‘கமெண்ட்தானே, அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவது பல குழுக்களில் நடப்பதுதான். இந்தத் துறையில் அது ஏன் ஆகாது என்பதற்கு கூகுளின் வேலை தேடல் சேவையான கிளவுட் டேலன்ட் சொல்யூஷனைப் பாருங்கள். அதில் ஒரு வேலை அறிவிப்பை ஏற்றும்போது காலாவதி நேரத்தைக் கொடுக்காமல் விட்டால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. அறிவிப்பு உருவான நேரத்திலிருந்து 30 நாளில் அது தானாகக் காலாவதியாகிவிடும். நிறுவனம் இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கும், விண்ணப்பிக்க வேண்டியவர் கண்ணில் அந்த வேலை படாது. தேடலுக்கான சொற்கள் 255 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும், ஒரு கோரிக்கையில் அதிகபட்சம் 5 இட வடிகட்டிகள், ஒரு பக்கத்துக்கு 1 முதல் 100 வரை முடிவுகள், வேலைத் தலைப்பு 500 எழுத்து, விவரம் 1,00,000 எழுத்து என்பவையும் இப்படித்தான். நிரலில் இருக்கும் டைப் இவை எதையும் சொல்லாது. அது ‘ஸ்ட்ரிங்’ என்றோ ‘இன்டிஜர்’ என்றோ சொல்வதோடு நிறுத்திக்கொள்ளும். மீதி ஒப்பந்தம் முழுவதும் கமெண்ட்டில்தான் இருக்கிறது. டெவலப்பர் எடிட்டரில் மவுஸை வைத்ததும் வரும் நான்கு வரிகள்தான் அவர் படிக்கப்போகும் ஆவணம்.

அந்தக் காலாவதி ஃபீல்டின் விளக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு: 2017 ஜனவரி 1 அன்று 13:00 ஏஎம் மணிக்கு உருவான அறிவிப்பு, ஜனவரி 31 அன்று 13:00 ஏஎம் மணிக்குக் காலாவதியாகும் என்று. 13:00 ஏஎம் என்று ஒரு நேரமே கிடையாது. சின்னப் பிழைதான், பொருள் புரிந்துவிடுகிறது. ஆனால் அந்த வாக்கியம் எழுதப்பட்ட இடம் புரோட்டோ கோப்பு, அதாவது ஏபிஐயின் வடிவத்தை விவரிக்கும் மூலக் கோப்பு. ஜெனரேட்டர் என்ற கருவி மூலம் அதிலிருந்துதான் ஜாவா, பைத்தான், கோ, நோட் என்று ஒவ்வொரு மொழி லைப்ரரியும் உருவாகிறது. ஆகவே பிழையும் எல்லா மொழிக்கும் போய்ச் சேர்ந்தது. இதைப் பைத்தான் லைப்ரரியில் பார்த்த ஒருவர் அங்கேயே திருத்தினால் என்ன ஆகும்? பழைய கமெண்ட்டைத் திருத்த நான்கு வழிகள் உண்டு. அவற்றை எடைபோட இந்தக் கேள்வியே போதும்.

நேரடியாக லைப்ரரியிலேயே திருத்துவது

இதைவிட எளிதான வழி இல்லை. கோப்பைத் திறக்கிறோம், வரியை மாற்றுகிறோம், புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) அனுப்புகிறோம். பார்ப்பவருக்கும் ஒரே பார்வையில் புரியும். வெளியிலிருந்து பங்களிக்க வருபவர்கள் முதலில் தொடுவதும் இதைத்தான்.

லைப்ரரி முழுக்கக் கையால் எழுதப்பட்டதென்றால் இந்த வழியே சரி, மேற்கொண்டு யோசிக்கத் தேவையில்லை. வேலை தேடும் தளமான அட்சுனா, அமெரிக்க அரசு வேலைகளுக்கான யுஎஸ்ஏஜாப்ஸ் போன்றவற்றின் ஏபிஐகளுக்குத் தனிநபர்கள் எழுதிய சிறு கிளையன்ட்கள் இந்த வகை. அட்சுனாவில் நாட்டுக் குறியீடும் பக்க எண்ணும் முகவரிப் பாதையிலேயே போக வேண்டும். யுஎஸ்ஏஜாப்ஸில் யூசர் ஏஜென்ட் ஹெடரில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்க வேண்டும். வேறெங்கும் ஊகிக்க முடியாத இந்த விவரங்களை கிளையன்ட்டின் கமெண்ட்டில் எழுதிவைப்பவருக்கு அடுத்து வருபவர் நன்றி சொல்வார். அப்படி எழுதும்போது, அதிகாரபூர்வ ஆவணத்தோடு எந்தத் தேதியில் ஒப்பிட்டுப் பார்த்தோம் என்பதையும் மாட்யூலின் தலைப்புக் கமெண்ட்டில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பிறருடைய ஏபிஐ உங்களிடம் சொல்லிவிட்டு மாறாது.

ஜெனரேட்டர் எழுதிய லைப்ரரி என்றால் கதை வேறு. கோப்பின் தலையிலேயே ‘இதைத் திருத்தாதீர்கள்’ என்று இருக்கும். அடுத்த முறை ஜெனரேட்டர் ஓடும்போது உங்கள் திருத்தம் சுவடில்லாமல் போகும். பல குழுக்களில் இந்த ஓட்டத்தை ஒரு பாட் தானாகவே செய்துவிடுவதால், எப்போது போனது என்றுகூடத் தெரியாது. பிழை திரும்பி வந்திருப்பதை வேறொருவர் கண்டுபிடித்து, அதே திருத்தத்தை மறுபடி அனுப்புவார். தப்பிப் பிழைத்தாலும் ஒரு மொழிக்கு மட்டும்தான் அது உதவும்.

இதில் மனிதர்கள் சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் இருக்கிறது. ஒரு எழுத்துப் பிழையைக் கவனித்து, நேரம் ஒதுக்கித் திருத்தி அனுப்பியவரிடம், ‘இது ஜெனரேட்டர் எழுதிய கோப்பு, ஏற்க முடியாது’ என்று சொல்லி மூடிவிடுவது நியாயமில்லை. அந்தத் திருத்தத்தை மூலத்துக்குக் கொண்டுபோகும் வேலை பராமரிப்பவருடையது. வந்தவருக்கு மூலக் களஞ்சியத்தில் அனுமதி இருக்காது, அது எங்கே இருக்கிறது என்பதுகூடத் தெரியாமல் இருக்கலாம்.

மூலத்தில் திருத்தி மறுபடி உருவாக்குவது

ஜெனரேட்டர் இருக்கும் இடத்தில் என் தேர்வு எப்போதும் இதுதான். புரோட்டோவோ, அதே வேலையைச் செய்யும் ஓப்பன்ஏபிஐ கோப்போ, வாக்கியம் எங்கே பிறந்ததோ அங்கே ஒரு முறை திருத்தினால் எல்லா மொழிகளும் இணையதளத்தின் குறிப்புப் பக்கமும் ஒன்றாகச் சரியாகும். ஆனால் இதை ‘மூலத்தில் ஒரு வரி மாற்று, பட்டனை அழுத்து’ என்று நினைத்து இறங்கினால் சறுக்கும். சில இடங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, புரோட்டோவில் ஒரு கமெண்ட்டுக்கும் அதன் கீழே உள்ள ஃபீல்டுக்கும் நடுவே ஒரு வெற்று வரி விழுந்தால், அது அந்த ஃபீல்டின் கமெண்ட்டாகக் கருதப்படாது. கம்பைலர் அதைத் தனித்து நிற்கும் கமெண்ட் என்று ஒதுக்கிவைக்கும். பெரும்பாலான ஜெனரேட்டர்கள் அதை எடுப்பதில்லை. கோப்பில் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும், லைப்ரரியில் விளக்கமே இல்லாமல் ஃபீல்டு வந்து நிற்கும். அழகுக்காக வெற்று வரி சேர்ப்பவர்கள் நிறைய என்பதால், புல் ரிக்வெஸ்ட்டைப் பார்க்கும்போது முதலில் இதைத்தான் தேட வேண்டும்.

இரண்டாவது, நீங்கள் எழுதும் ஒரே வாக்கியம் பல மொழிகளின் வடிவத்துக்குள் போகிறது. பைத்தானில் அது டாக்ஸ்ட்ரிங் (நிரலுக்குள் எழுதும் விளக்கச் சரம்) ஆகி ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்ற எழுத்து வடிவமாக வாசிக்கப்படும். பட்டியலில் உள்தள்ளல் கொஞ்சம் பிசகினாலும் ஆவணம் கட்டும் கருவியான ஸ்ஃபிங்ஸ் எச்சரிக்கை கொடுக்கும். ஜாவாவில் எச்டிஎம்எல் ஆகும். ஜாவா 8 முதல் ஜாவாடாக் கருவி தவறான எச்டிஎம்எல்லைப் பிழையாகவே எடுத்துக்கொள்வதால், ‘சிறியது’ என்ற கணிதக் குறியை அப்படியே விட்டால் ஆவணம் கட்டும் வேலையே நிற்கலாம். இன்னும் நுட்பமான ஒன்று, ரிசோர்ஸ் பெயர்களை விளக்கும்போது எந்த ஐடி வேண்டுமானாலும் வரலாம் என்பதைக் காட்ட நட்சத்திரக் குறி போட்டு, அடுத்துச் சாய்கோடு போடுவது. புரோட்டோவில் இரட்டைச் சாய்கோட்டுக் கமெண்ட்டுக்குள் அது பத்திரமாக இருக்கும். ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் நட்சத்திரமும் சாய்கோடும் சேர்ந்தால் கமெண்ட்டே அங்கே முடிந்துவிடும். நல்ல ஜெனரேட்டர் அதைக் கவனித்து மாற்றிக்கொள்ளும். நீங்கள் நட்சத்திரத்துக்குப் பதில் நெளி அடைப்புக்குள் ஐடியின் பெயரை எழுதிவிட்டால் அந்தக் கவலையே இல்லை, படிப்பவருக்கும் எந்த ஐடி என்று தெரியும்.

மூன்றாவது, மொழிக்கு உரிய சொற்களை மூலத்தில் எழுதக் கூடாது. ‘நன் (None) கொடுத்தால்’ என்று எழுதினால் பைத்தான்காரருக்குப் புரியும், கோ எழுதுபவர் குழம்புவார். ‘மதிப்பைக் கொடுக்காமல் விட்டால்’ என்று எழுதினால் எல்லோருக்கும் பொருந்தும்.

இந்த வழியின் உண்மையான செலவு மேலாய்வில்தான் தெரியும். மூலத்தில் ஒரு பத்தி மாறினால், அதே பத்தி சின்க்ரனஸ் கிளையன்ட், அசின்க்ரனஸ் கிளையன்ட், டைப் கோப்புகள் என்று ஒரே மொழிக்குள்ளேயே பல இடங்களில் மாறும். வித்தியாசப் பட்டியல் நீளமாக வரும்போது கண் சோர்ந்து, ‘கமெண்ட்தானே’ என்று ஒப்புதல் கொடுத்துவிடுவோம். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு டைம்அவுட் மதிப்போ ரீட்ரை விதியோ மாறியிருந்தால் தப்பிவிடும். இதற்கு நான் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு: கமெண்ட் திருத்தமும் ஜெனரேட்டர் பதிப்பு உயர்வும் ஒரே மாற்றத்தில் வரவே கூடாது. கமெண்ட் மாற்றம் என்று சொல்லி வரும் மாற்றத்தில் கமெண்ட் அல்லாத ஒரு வரி இருந்தாலும் நிறுத்தும் ஒரு சோதனையைச் சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பு) வைப்பது கஷ்டமான வேலை இல்லை. இரண்டு பக்கத்தையும் கமெண்ட்களை நீக்கிவிட்டு ஒப்பிட்டால் போதும். பைத்தானில் மட்டும் டாக்ஸ்ட்ரிங்கையும் சேர்த்து நீக்க வேண்டும், அது மொழியின் கண்ணில் கமெண்ட் இல்லை.

இன்னொரு செலவு காத்திருப்பு. மூலக் கோப்பு பெரும்பாலும் சேவைக் குழுவின் கையில் இருக்கும். அவர்களுடைய உள்களஞ்சியத்தில் மாறி, பொதுக் களஞ்சியத்துக்கு நகலாகி, அதன்பிறகுதான் லைப்ரரிக்கு வரும். அவர்களுக்கு உங்கள் எழுத்துப் பிழை அவசரமாகத் தெரியாது. இந்த இடைவெளிதான் மூன்றாவது வழியை உருவாக்கியது.

நடுவில் ஒரு ஒட்டுப் போடுவது

ஜெனரேட்டர் எழுதி முடித்ததும் ஒரு ஸ்கிரிப்ட் ஓடி, குறிப்பிட்ட வாக்கியங்களை மாற்றிவிடும். கூகுளின் பைத்தான் லைப்ரரிகளில் இப்படித் தேடி மாற்றும் கட்டளைகள் கொண்ட கோப்புகள் வழக்கத்தில் உண்டு. ஓப்பன்ஏபிஐ உலகில் இதையே ஒழுங்குபடுத்தி, 2024இல் ஓவர்லே என்ற தனி விவரக்குறிப்பின் 1.0.0 பதிப்பை வெளியிட்டார்கள். மூலக் கோப்பைத் தொடாமல், எந்த இடத்தில் எதை மாற்ற வேண்டும் என்பதை வேறொரு கோப்பில் எழுதிவைக்கலாம்.

மூலம் உங்கள் கையில் இல்லை, திருத்தமோ இன்றே வேண்டும் என்றால் இது நல்ல வழி. ஆனால் ஒட்டு பழசாகும் விதம் ஆபத்தானது. மூலத்தில் யாரோ அந்த வாக்கியத்தின் ஒரு சொல்லை மாற்றினால், தேடும் பேட்டர்ன் பொருந்தாது. ஸ்கிரிப்ட் ஒன்றும் செய்யாமல் கடந்துபோகும். தவறான கமெண்ட் திரும்பி வந்திருப்பதும் தெரியாது, ஒட்டு செத்துப்போனதும் தெரியாது. இன்னும் மோசம், மூலத்தில் சரியான புதிய வரம்பை எழுதிய பிறகும் உங்கள் ஒட்டு பழைய எண்ணை அதன்மேல் எழுதிக்கொண்டிருப்பது.

ஆகவே ஒட்டுப் போடுபவர் இரண்டைச் செய்தே ஆக வேண்டும். பொருந்தாத ஒட்டு இருந்தால் பில்ட் உடைய வேண்டும். எச்சரிக்கை போதாது, அதை யாரும் படிப்பதில்லை. அப்புறம், ஒவ்வொரு ஒட்டுக்கும் பக்கத்தில் மூலத்தில் பதிவுசெய்த இஷ்யூவின் (பிழைப் புகாரின்) எண் இருக்க வேண்டும். எண் இல்லாத ஒட்டை நான் ஏற்கமாட்டேன். மூலத்துக்குச் சொல்லாமல் மேலே பூசுவது, மற்ற மொழிக்காரர்களுக்குத் தெரிந்தே தவறான ஆவணத்தை விட்டுவைப்பது.

இணைப்பு மட்டும் கொடுப்பது

கமெண்ட்டில் ஒரு வரிச் சுருக்கம், மீதிக்கு இணையதள முகவரி. பழசாக எதுவும் இருக்காது என்பது வாதம். எனக்கு இதில் உடன்பாடில்லை. இணையதளம் எப்போதும் கடைசிப் பதிப்பைப் பற்றிப் பேசும், பயனரோ இரண்டு பதிப்பு பின்னால் நிற்பார். எடிட்டரில் மவுஸை வைத்தவருக்கு முகவரி மட்டும் தெரிந்தால் பாதிப் பேர் போய்ப் பார்க்கமாட்டார்கள். பொருளின் பெயர் மாறினால் முகவரியும் நிலைக்காது. மேலே சொன்ன டேலன்ட் சொல்யூஷனே முன்பு கிளவுட் ஜாப் டிஸ்கவரி என்ற பெயரில் இருந்தது. இப்போது நிரல் எழுத உதவும் ஏஐ கருவிகளும் பேக்கேஜுக்குள் இருக்கும் கமெண்ட்டைப் படிக்கக்கூடும். பயண நேரத்தை வைத்து வேலை தேடுவது, முடிவுகளை வகைப்படுத்தி எண்ணுவது போன்று பக்கக்கணக்கில் விளக்க வேண்டியவற்றுக்கு இணைப்புக் கொடுங்கள். எண், வரம்பு, கட்டாயமா இல்லையா என்பவை மட்டும் கமெண்ட்டிலேயே இருக்கட்டும்.

கைவிடல் அறிவிப்பு தனி வகை

இதுவரை சொன்னதெல்லாம் மனிதர் படிக்கும் கமெண்ட்டைப் பற்றி. ஒரு ஃபீல்டு கைவிடப்பட்டது என்று எழுதும் கமெண்ட்டைக் கருவிகளும் படிக்கின்றன. கோ மொழியில் ஒரு பத்தி ‘டெப்ரிகேட்டட்’ என்ற சொல்லும் முக்காற்புள்ளியுமாகத் தொடங்கினால், நிரலைச் சோதிக்கும் ஸ்டேட்டிக்செக் என்ற கருவி அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு இடத்தையும் சுட்டிக்காட்டும். ஜாவாவில் 2004இல் ஜாவா 5 தனி அன்னொட்டேஷனைத் தரும்வரை, கமெண்ட்டுக்குள் இருந்த குறியைப் பார்த்துத்தான் கம்பைலரே எச்சரித்தது. அதனால் ‘கமெண்ட் மட்டும்தான் மாறியது’ என்று நினைத்து வெளியிடும் திருத்தம், எச்சரிக்கையைப் பிழையாக எடுத்துக்கொள்ளும் ஒருவரின் சிஐயை நிறுத்தக்கூடும்.

இங்கே வழி ஒன்றுதான், மூலம். கையால் திருத்துவதும் ஒட்டும் கூடாது. புரோட்டோவில் ஃபீல்டின் டெப்ரிகேட்டட் ஆப்ஷனையும் கமெண்ட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் ஒரு மொழியில் எச்சரிக்கை வரும், காரணம் தெரியாது. இன்னொரு மொழியில் காரணம் இருக்கும், எச்சரிக்கை வராது. கூகுளின் ஏபிஐ லின்டர் என்ற விதி சரிபார்க்கும் கருவி இந்த ஜோடியைச் சரிபார்க்க ஒரு விதியே வைத்திருக்கிறது.

எழுதும் விதத்துக்கு டேலன்ட் சொல்யூஷனிலேயே நல்ல மாதிரி இருக்கிறது. டிஸேபிள் கீவேர்டு மேட்ச் என்ற பூலியன் ஃபீல்டைக் கைவிட்டபோது, அதற்குப் பதில் கீவேர்டு மேட்ச் மோடைப் பயன்படுத்துங்கள் என்று சொன்னதோடு நிற்கவில்லை. பழையதில் ‘ஃபால்ஸ்’ வைத்திருந்தால் புதியதில் ‘கீவேர்டு மேட்ச் ஆல்’, ‘ட்ரூ’ வைத்திருந்தால் ‘கீவேர்டு மேட்ச் டிஸேபிள்ட்’ என்று மதிப்புக்கு மதிப்பு எழுதியிருக்கிறார்கள். பெயரிலேயே எதிர்மறை இருக்கும் ஃபீல்டில் ட்ரூவும் ஃபால்ஸும் எளிதில் தலைகீழாகிவிடும். இடம்பெயர்ப்பவர் வேறு பக்கம் போய்த் தேடாமல், அந்த இடத்திலேயே மாற்றி முடித்துவிட முடிகிறது. கைவிடல் கமெண்ட் எழுதும் ஒவ்வொருவரும் இந்த அளவுக்கு எழுத வேண்டும்.

எடுத்துக்காட்டு நிரல் இருந்தால்

கமெண்ட்டுக்குள் இருக்கும் எடுத்துக்காட்டு நிரல்தான் முதலில் பழசாகும், அதையே அதிகம் பேர் நகலெடுப்பார்கள். ரஸ்ட்டில் அது சோதனையாகவே ஓடும், பைத்தானில் டாக்டெஸ்ட் உண்டு. வேலை தேடல் ஏபிஐயில் உண்மையான கோரிக்கை போக வேண்டியிருப்பதால் ஒவ்வொரு சோதனையிலும் ஓட்ட முடியாது என்பார்கள். ஓட்டத் தேவையில்லை, கம்பைல் ஆனாலே போதும். கோ மொழியில், எதிர்பார்க்கும் வெளியீட்டைக் குறிப்பிடாத எடுத்துக்காட்டு ஃபங்ஷன் கம்பைல் மட்டும் ஆகும், ஓடாது. ஃபீல்டின் பெயர் மாறியதைப் பிடிக்க அதுவே போதுமானது. ஜாவாவில் 2022இல் ஜேடிகே 18இலிருந்து ஸ்னிப்பட் குறி இருப்பதால், நிரலை வெளிக் கோப்பில் வைத்துக் கம்பைல் செய்துகொண்டே ஆவணத்தில் காட்டலாம்.

எப்போது வெளியிடுவது

திருத்தம் களஞ்சியத்தில் சேர்ந்துவிட்டால் வேலை முடிந்ததாக நினைப்பவர்கள் உண்டு. பயனர் எடிட்டரில் பார்ப்பது அவர் நிறுவியிருக்கும் பேக்கேஜில் உள்ள கமெண்ட். புதிய பதிப்பு வெளிவராமல் அவருக்கு எதுவும் மாறாது. ஏற்கெனவே வெளியான பதிப்பின் கோப்பைப் பைத்தான் பேக்கேஜ் களஞ்சியமான பைபிஐயில் மாற்றி வைக்கவும் முடியாது.

ரிலீஸ் பிளீஸ் போன்ற தானியங்கிக் கருவிகள் புதிய வசதியையும் பிழைத்திருத்தத்தையும் கண்டால் பதிப்பு எண்ணை உயர்த்தும். ‘டாக்ஸ்’ என்று முன்னொட்டு வைத்த கமிட்டை ஜாவாவுக்கும் பைத்தானுக்கும் வெளியீட்டுக்கு உரியதாக எடுத்துக்கொள்ளும், மற்ற பல மொழிகளில் அப்படி இல்லை. ஒரே மூலத் திருத்தம் ஒரு மொழிப் பயனருக்கு இந்த வாரமும் இன்னொருவருக்கு எப்போதோவும் போய்ச் சேர இது ஒரு காரணம். உங்கள் அமைப்பு எப்படி என்று ஒரு முறை பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

வரம்பும் இயல்பு மதிப்பும் தவறாக இருந்து திருத்தினால் உடனே பேட்ச் பதிப்பு (பதிப்பு எண்ணின் மூன்றாம் பகுதி மட்டும் உயர்வது) வெளியிடுவேன். அது பிழைத்திருத்தம்தான், நிரல் மாறவில்லை என்பதால் குறைந்ததாகிவிடாது. கைவிடல் அறிவிப்பு என்றால் பேட்ச் போதாது. பொது ஏபிஐயில் எதையாவது கைவிடப்பட்டதாகக் குறித்தால் மைனர் எண்ணை, அதாவது நடு எண்ணை, உயர்த்த வேண்டும் என்று பதிப்பு எண்களுக்கான செமான்டிக் வெர்ஷனிங் விதியே சொல்கிறது, வெளியீட்டுக் குறிப்பின் முதல் வரியிலும் அது இருக்க வேண்டும். 13:00 ஏஎம் போன்ற எழுத்துப் பிழைக்கு மட்டும் தனிப் பதிப்பு தேவையில்லை. மூலத்தில் திருத்திவிட்டு, அடுத்து வரும் வெளியீட்டோடு போகவிடலாம்.